வெள்ளம் புகாத உயரம் எது? சிங்கப்பூரில் வீடு, கடை கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டடக்கலை அலுவலகம் ஒன்றில் வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். தரைவீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட நினைப்பவர்கள், சிராங்கூன் சாலை வட்டாரத்தில் கடைவீடு எடுத்துத் தொழில் செய்பவர்கள், வீடு வாங்கும் முன் விசாரித்துக்கொள்ள விரும்புபவர்கள் எனப் பலரும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். வெள்ளம் புகாதபடி கட்டடத்தின் தளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற விதிகளை வகுத்து மேற்பார்வை செய்வது பொதுப் பயனீட்டுக் கழகம். மேற்பரப்பு நீர் வடிகாலுக்கான அதன் நடைமுறை விதித்தொகுப்பில் அவை இடம்பெற்றுள்ளன. அந்த விதிகள் எதற்காக வந்தன, உங்கள் வாசலில் அவற்றுக்கு என்ன பொருள் என்பதை விளக்குவதே இந்தப் பக்கத்தின் நோக்கம். உங்கள் நிலத்துக்குரிய எண்ணைப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ தொழில்முறைப் பொறியாளரோதான் உறுதிசெய்ய வேண்டும்.

தீவு முழுக்க இவ்வளவு பெரிய வடிகால்கள் இருக்கின்றனவே, கட்டடத்தை ஏன் உயர்த்த வேண்டும்?

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வி நியாயமானதும்கூட. 1970களில் இங்கே ஏறத்தாழ 3,200 ஹெக்டர் நிலம் வெள்ள அபாயப் பகுதியாக இருந்தது. இன்று அது சுமார் 30 ஹெக்டராகச் சுருங்கியிருக்கிறது. அதைச் சாதித்தவை வடிகால்களும் கால்வாய்களும், 2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டும்தான்.

ஆனால் எந்த வடிகாலும் ஒரு குறிப்பிட்ட அளவு மழையைக் கணக்கில் வைத்தே கட்டப்படுகிறது. அந்த அளவைத் தாண்டிப் பெய்தால் நீர் சாலைக்கு ஏறும். 1978 டிசம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத அளவு ஒரு நாளில் கொட்டியது. ஏழு பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். போத்தோங் பாசிர் பக்கம் வாழ்ந்த மூத்தவர்களைக் கேட்டால், கோழிக் கூண்டைக் கூரைமேல் ஏற்றிய கதையை இன்றும் சொல்வார்கள்.

கடலின் பங்கும் இதில் உண்டு. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பெருமழையும் பிடித்துக்கொண்டால், கரையோர வடிகால்களின் நீர் கடலில் இறங்க வழியில்லாமல் பின்வாங்கும். மரினா அணைக்கட்டில் இறக்க நேரத்தில் கதவுகளைத் திறந்துவிடுகிறார்கள். ஏற்ற நேரத்தில் ராட்சத நீரேற்றிகளைக் கொண்டு நீரைக் கடலுக்குள் தள்ளுகிறார்கள். அத்தகைய காவல் தீவின் எல்லாக் கரைகளிலும் இல்லை. ஆகவே, வடிகால் நிரம்பி வழியும் அந்த அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நீர் உங்கள் வாசலில் நிற்கட்டும், உள்ளே மட்டும் வராதிருக்கட்டும் என்பதற்காகவே உயர விதி இருக்கிறது.

குறைந்தபட்சத் தளமட்டம் என்றால் என்ன? அதை எங்கிருந்து அளக்கிறார்கள்?

கட்டடம் எழும் நிலத்தை எந்த மட்டத்துக்குக் கீழே அமைக்கக் கூடாதோ, அதுவே குறைந்தபட்சத் தளமட்டம். தொழிலில் இருப்பவர்கள் 'பிளாட்ஃபார்ம் லெவல்' என்றுதான் சொல்வோம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறித் திண்ணை, அதற்கும் மேலே ஒரு படி ஏறி நடை என்று கட்டிய அதே அறிவுதான் இங்கே எண்ணாக மாறியிருக்கிறது.

பொதுவான கட்டடங்களுக்கு அருகிலுள்ள சாலை அல்லது நிலத்தைவிடக் குறைந்தது 300 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. ஆனால் இது ஒன்றே போதும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. தாழ்வான பகுதி, கரையோரம், நிலத்தடித் தளம் உள்ள வணிகக் கட்டடம், மருத்துவமனை போன்ற முக்கிய வசதி என்று வரும்போது கூடுதல் உயரம் கேட்கப்படும். பொருந்தும் அளவுகளில் எது மிக உயரமோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தைப் பார்க்கும்போது பலருக்குக் குழப்பம் தரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வரைபடங்களில் நிலமட்டம் 103.5 என்பது போல எழுதப்பட்டிருக்கும். வீடு நூறு மீட்டர் உயரக் குன்றின்மேல் நிற்பதாக ஒருவர் மகிழ்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். சராசரிக் கடல்மட்டத்தைச் சுழியம் என்று வைக்காமல் 100 என்று வைத்து எழுதும் வழக்கம் அது. 103.5 என்றால் கடல்மட்டத்துக்கு மூன்றரை மீட்டர் மேலே என்று பொருள். அந்த மூன்றரை மீட்டருக்குள்தான் கடல் ஏற்றம், மழை, வடிகால் சரிவு எல்லாம் அடங்க வேண்டும்.

முகட்டுமட்டம் என்று தனியாக ஏதோ சொல்கிறார்களே, அது வேறா?

வேறுதான். என் அனுபவத்தில் பெரும்பாலான இழப்புகளுக்குத் தளமட்டத்தைவிட இதில் ஏற்படும் கவனக்குறைவே காரணம். நிலத்தடித் தளத்துக்குள் நீர் நுழையக்கூடிய வழிகள் பல: கார் இறங்கும் சரிவுப்பாதை, படிக்கட்டு வாசல், காற்றுத் துவாரம், மின்கம்பி நுழையும் குழி. இந்தத் திறப்புகள் ஒவ்வொன்றும் எந்த உயரத்துக்கு மேலே இருக்க வேண்டுமோ, அதுவே முகட்டுமட்டம். அது தளமட்டத்தையும்விட உயரமாக வைக்கப்படுகிறது. தரைமேல் இருக்கும் கூடத்தில் நீர் ஏறினால் அது சாலையில் உள்ள உயரத்துக்கு மட்டுமே ஏறும், மழை விட்டதும் வடிந்துவிடும். நிலத்தடிக்குள் ஒருமுறை வழி கிடைத்துவிட்டால் சாலையில் உள்ள நீர் எல்லாம் அங்கே இறங்கும், தானாக வெளியேறாது.

எம்ஆர்டி ரயிலின் நிலத்தடி நிலையங்களுக்குச் செல்லும் வாசல்களில் முதலில் சில படிகள் ஏறி, பிறகு கீழே இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். கீழே போவதற்கு எதற்காக மேலே ஏறுகிறோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிலைய வாசல்கள் சுற்றியுள்ள நிலத்தைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டப்படுவதே அதற்குக் காரணம்.

வீட்டளவில் இது எப்படித் தவறிப்போகிறது என்பதற்கு என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அது பாதி நிலத்தடியில் கார் நிறுத்தும் வசதி கொண்ட தரைவீடு. சரிவுப்பாதை தொடங்கும் இடத்தில் சிமென்டால் ஒரு மேடு இருந்தது. புதிதாக வாங்கிய தாழ்வான காரின் அடிப்பாகம் அதில் உரசுகிறது என்பதற்காக, பழுதுபார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் அந்த மேட்டைச் செதுக்கி, மேலே ஓடு பதித்துக் கொடுத்தார். மேட்டில் குறைந்த உயரம் நான்கு விரற்கடைதான். அந்த மேடு அழகுக்காகப் போட்டதன்று, அதுவே வீட்டின் முகடு என்று அவரும் சொல்லவில்லை, சித்தப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த டிசம்பரில் ஒரு விடியற்காலை, சாலையில் கணுக்காலளவு நின்ற நீர் அந்த நான்கு விரற்கடை வழியாக அமைதியாக இறங்கியிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது கார் இருக்கைவரை நீரில் நின்றது. அட்டைப் பெட்டிகளில் இருந்த சித்தியின் கல்யாணப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிரித்தால் முகங்கள் கையோடு வந்தன. மேல்தளத்தில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. தளமட்டம் விதிப்படிச் சரியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து எந்த வீட்டின் வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அதன் மிகத் தாழ்ந்த திறப்பைத்தான். வீடு எத்தனை உயரத்தில் நின்றாலும் நீருக்கு அதன் உயரம் அந்தத் திறப்பளவுதான்.

என்னுடையது பழைய வீடு. உடனே உயர்த்தியாக வேண்டுமா?

இல்லை. இருக்கும் வீட்டை இருந்தபடி வைத்துக்கொள்ளலாம். இடித்துக் கட்டும்போது புதிய அளவுகள் பொருந்தும். விரிவாக்கம், மாற்றியமைப்பு என்றால் வேலையின் அளவைப் பொறுத்தது. திட்டத்தைச் சமர்ப்பிக்கும் நிபுணரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். அடித்தளம் போட்ட பிறகு கேட்டால் பதில் செலவு மிகுந்ததாக இருக்கும்.

சாலையை உயர்த்திவிட்டார்கள். இப்போது என் வாசல் பள்ளமாகிவிட்டதே?

2010 ஜூன் 16ஆம் தேதி காலை, இரண்டு மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஸ்டாம்ஃபர்ட் கால்வாயில் குப்பைகூளம் அடைத்துக்கொள்ள, ஆர்ச்சர்ட் சாலை ஆறானது. கடைத்தொகுதிகளின் நிலத்தடித் தளங்களுக்குள் நீர் இறங்கியது. அதன் பிறகு அந்தச் சாலையில் சுமார் 1.4 கிலோமீட்டர் நீளத்தைச் சராசரியாக 30 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். சாலை உயர்ந்ததால் வாகனப் போக்குவரத்துக்கு நன்மை கிடைத்தது. ஆனால் முன்புற முற்றம் சாலையைவிடத் தாழ்ந்திருந்த கட்டடங்களுக்கு இடர் முழுமையாக நீங்கவில்லை. 2011 டிசம்பரிலும் அங்கே சில கடைகளுக்குள் நீர் புகுந்தது. பின்னர், பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவுக்குக் கீழே 38,000 கனமீட்டர் கொள்ளளவுள்ள தேக்கத் தொட்டியும், சிங்கப்பூர் ஆற்றுக்கு நீரைத் திருப்பிவிடும் இரண்டு கிலோமீட்டர் கால்வாயும் கட்டி முடிக்கப்பட்ட பின்னரே அந்த வட்டாரம் நிம்மதி அடைந்தது.

உங்கள் தெருவிலும் இதே நிலைதான். சாலை உயரப்போகிறது என்ற அறிவிப்பு வந்தவுடன், புதிய சாலை மட்டம் என்ன, உங்கள் நுழைவாயில் சரிவு எப்படி இணைக்கப்படும், உங்கள் வளாகத்து நீர் எந்த வடிகாலில் சேரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை நடக்கும்போதே உங்கள் முற்றத்தையும் உயர்த்திக்கொள்வது, பிறகு தனியாகச் செய்வதைவிட எளிது.

லிட்டில் இந்தியாவில் கடைவீடு எடுத்திருக்கிறேன். தரையை உயர்த்தலாமா?

அது 1989ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. முகப்பு, கதவு, ஐந்தடி நடைபாதை ஆகியவற்றை விருப்பம்போல் மாற்ற முடியாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆளுக்கொரு உயரத்தில் ஐந்தடி நடைபாதையைக் கட்டினால் சாமான் தூக்கிப் போகும் பாட்டிமார்கள் தடுக்கி விழுவார்கள்.

அங்கே நிலமும் இயல்பாகவே தாழ்வானது. கந்தாங் கெர்பாவ் என்ற பெயரே எருமைத் தொழுவத்தைக் குறிப்பது. சேறும் நீரும் இருந்த இடம் என்பதால்தான் எருமைகள் அங்கே இருந்தன. ஆகவே கட்டடத்தை உயர்த்த முடியாத இடத்தில் பொருள்களை உயர்த்துங்கள். அரிசி, பருப்பு மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரத்தட்டுமேல் அடுக்குவது, குளிர்ப்பெட்டியின் மின்செருகியை முழங்கால் உயரத்துக்கு மேலே மாற்றுவது, துணிக்கடையென்றால் பட்டுச்சேலைகளை அடித்தட்டில் வைக்காதிருப்பது போன்றவற்றுக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. வாசலில் பொருத்தி எடுக்கும் தடுப்புப் பலகைகளும் உண்டு. வெள்ளம் வரக்கூடிய பகுதிகளில் உள்ள கடைகளுக்குப் பொதுப் பயனீட்டுக் கழகமும் தடுப்புச் சாதனங்கள் வழங்கி உதவியிருக்கிறது.

அப்படியென்றால் கட்டடத்தை உயர்த்தாமல் தடுப்பும் நீரேற்றியும் வைத்தால் போதாதா?

போதாது என்பதே என் கருத்து. வேறு வழி இல்லாத இடத்தில் அவை தேவை, நல்ல துணையும்கூட. ஆனால் உயரம் இரவு மூன்று மணிக்கும் விழித்திருக்கும். தடுப்புப் பலகையை யாராவது எழுந்துபோய்ப் பொருத்த வேண்டும். நீரேற்றியை யாராவது பராமரிக்க வேண்டும்.

2017 அக்டோபர் 7ஆம் தேதி பீஷான், பிரேடல் நிலையங்களுக்கு இடையே ரயில் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது பலருக்கு நினைவிருக்கும். நிலைய வாசல்கள் வழியாக நீர் வரவில்லை. சுரங்கத்தின் திறந்த வாய்ப்பகுதிக்கு அருகே விழும் மழைநீரைச் சேர்த்து வெளியேற்றும் குழியில் நீரேற்றும் அமைப்பு வேலை செய்யவில்லை. சேவை சீராக ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆனது. அமைப்பு அங்கே இருந்தது, பராமரிப்புதான் இல்லாமல் போனது. உங்கள் கட்டடத்தில் நீரேற்றியோ தானியங்கித் தடுப்போ இருந்தால் அதை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. அடுக்குமாடி வளாகங்களில் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, கடைசியாக எந்த நாளில் அதை ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தை உயர்த்திக் கட்டுகிறார். அவர் வீட்டு நீர் என் வீட்டுக்குள் வராதா?

வரக்கூடாது. அவர் வளாகத்தில் விழும் மழைநீரை அவருடைய உள்வடிகால் வழியாகப் பொது வடிகாலில் சேர்ப்பது அவர் கடமை. நிலத்தை உயர்த்துவதற்கும் தாங்குசுவர் எழுப்புவதற்கும் அனுமதி தேவை. உறவு கெடுவதற்கு முன், வேலை தொடங்கும் முன், எல்லைச் சுவரோரம் வடிகால் எங்கே ஓடுகிறது என்று இருவரும் சேர்ந்து வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. எங்கள் அலுவலகத்தில் இரு வீட்டாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசிய சமயங்களில் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கிறது.

முற்றம் முழுவதும் சிமென்ட் போடலாமா?

புல்லும் மண்ணும் மழையின் வேகத்தைச் சற்றே பிடித்துவைக்கும். சிமென்ட் அப்படியே வடிகாலுக்குத் தள்ளிவிடும். இதனால்தான் 2014 முதல், 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் எழும் புதிய கட்டடங்கள் மழைநீரைத் தம் வளாகத்திலேயே சிறிது நேரம் தேக்கி மெதுவாக விட வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு சாதாரணத் தரைவீடு அந்த அளவை எட்டாது. ஆயினும் ஒரு தெருவில் இருபது வீடுகளும் முற்றத்தை மூடினால், நீர் ஒரே நேரத்தில் வடிகாலுக்கு ஓடிவரும். முடிந்தவரை மண்ணை விட்டுவையுங்கள்.

வீட்டில் சக்கர நாற்காலியில் அம்மா இருக்கிறார். உயர்த்திக் கட்டினால் அவர் எப்படி ஏறுவார்?

இதை வரைபடம் முடிந்த பிறகு கேட்பவர்களே அதிகம். சக்கர நாற்காலிக்கான சரிவு, 12 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம் என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் 300 மில்லிமீட்டர் ஏற 3.6 மீட்டர் நீளம் வேண்டும். 600 மில்லிமீட்டர் என்றால் 7.2 மீட்டர். சிறிய முற்றத்தில் இது பெரிய இடம். வாசலில் மட்டும் திடீரென்று ஏற்றாமல், வெளிக்கதவிலிருந்தே முற்றத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக் கொண்டுபோனால் அம்மாவுக்கும் எளிது, நீரும் சாலைப் பக்கமே சரியும்.

நான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எட்டாம் மாடியில் இருக்கிறேன். எனக்கு இதனால் என்ன?

உங்கள் வீட்டுக்குள் நீர் வராது. ஆனால் மின்தூக்கியின் குழி கீழேதான் இருக்கிறது, நிலத்தடியில் கார் நிறுத்துமிடம் இருந்தால் உங்கள் வாகனமும் கீழேதான் இருக்கிறது. கீழ்த்தளத்து வடிகால் வாயில் குப்பை அடைத்திருப்பதைக் கண்டால் நகர மன்றத்துக்குத் தெரிவியுங்கள். காப்புறுதி பற்றியும் ஒரு வார்த்தை: வீவகவின் தீக் காப்புறுதி உங்கள் அறைகலன்களுக்கோ உடைமைகளுக்கோ பொருந்தாது. தரைவீட்டுக்காரர்கள் தங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளம் என்ற சொல் எந்த இடத்தில், எந்த நிபந்தனையோடு வருகிறது என்று தேடிப் படிக்க வேண்டும்.

கடல்மட்டம் உயர்கிறது என்கிறார்கள். இன்றைய உயரம் நாளைக்குப் போதுமா?

2024 ஜனவரியில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கே சராசரிக் கடல்மட்டம் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என்று கணித்திருக்கிறது. அரசாங்கம் முன்கூட்டியே எண்களை மாற்றிவருவதை நாம் பார்க்கலாம். 2011ல், கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலத்தின் குறைந்தபட்ச உயரம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டரிலிருந்து நான்கு மீட்டராக உயர்த்தப்பட்டது. சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 5.5 மீட்டர் உயரத்தில் திட்டமிடப்பட்டிருக்கிறது. கடலோரத்தில் உள்ள நிக்கல் டிரைவ் சாலையைக்கூட உயர்த்தினார்கள்.

தனி ஒருவர் தம் வீட்டுக்காகக் கடலைத் தடுக்க முடியாது. கரைப் பாதுகாப்பு 2020 முதல் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பாகிவிட்டது. ஆனால் இன்று கட்டும் வீட்டில் உங்கள் பேரப்பிள்ளைகள் வாழ்வார்கள். இட வசதி இருந்தால், குறைந்தபட்சம் என்பதைக் கேட்டதும் அங்கேயே நின்றுவிடாமல், அனுமதி தரும் வரம்புக்குள் இன்னும் ஒரு சாண் ஏற்றிக் கட்டச் சொல்வேன். அடித்தளம் போடும்போது அதற்கு ஆகும் செலவு, பிறகு தரையைப் பெயர்க்கும் செலவோடு ஒப்பிடத்தக்கதே அன்று.

வீடு வாங்கப் போகிறேன். வெள்ளம் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெள்ளம் வரக்கூடிய இடங்களின் பட்டியலைப் பொதுப் பயனீட்டுக் கழகம் தன் இணையப்பக்கத்தில் வெளியிடுகிறது. அதை முதலில் பாருங்கள். நிலத்துக்குரிய வடிகால் விளக்க வரைபடத்தையும் வாங்கலாம். வடிகாலுக்காக ஒதுக்கிய நிலம் உங்கள் எல்லைக்குள் வருகிறதா என்பது அதில் தெரியும். பிறகு பெருமழை பெய்யும் ஒரு நாளில், கடல் ஏற்ற நேரம் பார்த்து, அந்தத் தெருவுக்கே போய் நில்லுங்கள். அண்டை வீட்டாரிடம் பேச்சுக் கொடுங்கள். சுவரில் புதுச் சாயம் முழங்கால் உயரத்தில் மட்டும் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிவான குழாயில் நீர் நிரப்பி, ஒரு முனையைச் சாலையின் நடுவில் ஓர் அளவுகோலோடு ஒருவர் பிடிக்க, மறுமுனையை நீங்கள் எடுத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். வாசல்படி, கார் சரிவின் மேடு, பின்கட்டுக் கதவு, காற்றுத் துவாரம் என ஒவ்வொன்றின் அருகிலும் குழாயைப் பிடித்து, நீர் நிற்கும் உயரத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் குறியுங்கள். பத்து நிமிட வேலை. குறிகள் எல்லாம் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். எந்தத் திறப்பின் அடிவிளிம்பு தன் குறியிலிருந்து மிகக் கீழே இருக்கிறதோ, அதைப் படம் எடுத்து உங்கள் கட்டடக் கலைஞருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.